குடிக்காதவர் குடியை விட்ட கதை

வாங்க மேடம், மூட்டையை இப்படி வைங்க. நாலு-ஏ தானே? போன வருஷம் ஆடி முடிஞ்சு வந்தீங்க. இப்ப நீங்கதான் அசோசியேஷனுக்குப் புது செகரெட்டரி. எனக்கு யாரும் சொல்லலை மேடம். நேத்து வரைக்கும் வாட்ச்மேன் உங்களைப் பார்த்தா உட்கார்ந்தபடியே தலையாட்டுவாரு. இன்னைக்குக் காலையில எழுந்து நின்னாரு. அவ்வளவுதான், தெரிஞ்சுபோச்சு.

எண்ண வேணாம், நாங்க எண்ணிக்கிறோம். அவசரமா ரெண்டு சட்டை வேணும்னா உட்காருங்க, பத்து நிமிஷத்துல தேய்ச்சுக் கொடுத்துடுவாரு. அந்த ஸ்டூல்லயே உட்காருங்க. கதை சார் உட்கார்ற ஸ்டூல்தான், அவரு சாயங்காலம்தான் வருவாரு.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா மேடம்? குடியை விட்டவருன்னு சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கல்ல? எனக்குத் தெரியும். மேடம், இவரு பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு குடிச்சதில்லை. குடிக்காத மனுஷன் எப்படிக் குடியை விட்டாருன்னு பார்க்குறீங்கல்ல? அதைச் சொல்லிடறேன். நான் ரொம்பப் பேசுற ஆளு இல்ல. விஷயத்தைச் சொல்லிட்டு விட்டுடுவேன்.

நீ தேய்யா, நான் சொல்றேன்ல.

ரெண்டு-சி சபாபதி சார் தெரியுமில்ல? கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. ரிட்டயர் ஆன மறுமாசமே கதை எழுத உட்கார்ந்துட்டாரு. அதனால நாங்க கதை சார்னு கூப்பிடுறது. அவரு எழுதினது எல்லாம் மொதல்ல திரும்பி வந்துடுச்சாம். 'உங்கள் பாத்திரங்களில் உயிர் இல்லை'ன்னு யாரோ எழுதி அனுப்பிட்டாங்களாம். மனுஷங்களைக் கவனிக்கணும்னு முடிவு பண்ணி, ஒருநாள் சாயங்காலம் கேட்ல நிக்கிற இந்த இஸ்திரி வண்டிக்கு வந்து ஸ்டூலைப் போட்டாரு. கையில ஒரு சின்ன நோட்டு.

வந்த அன்னைக்கே இவரைக் கேக்குறாரு, "முனிரத்தினம், சட்டை தேய்க்கும்போது உன் மனசுல என்ன ஓடும்?"னு. இவரு என்ன சொல்வாரு? இவருதான் வாயே திறக்கமாட்டாரே. நான்தான் சொன்னேன், "தீஞ்சுடக்கூடாதுன்னு ஓடும் சார்"னு. அதையும் எழுதிக்கிட்டாரு.

அவருக்கு ஆளைப் பார்க்கத் தெரியலை மேடம். தப்பா சொல்லலை, நல்ல மனுஷன். ஆனா யாராவது வந்து நின்னா, உடனே குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுடுவாரு. அவரு நிமிர்றதுக்குள்ள வந்தவங்க போயிருப்பாங்க. பாவமா இருந்துச்சு. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் கொடுத்தேன். "சார், முகத்தைப் பார்க்காதீங்க, முகம் சும்மா சிரிக்கும். துணியைப் பாருங்க"ன்னேன். மூணு-பி-ல புருஷன் துணியும் பொண்டாட்டி துணியும் ஒரே மூட்டையா வந்துக்கிட்டிருந்துச்சு, அப்புறம் ரெண்டு மூட்டையா வர ஆரம்பிச்சுச்சு. என்னா அர்த்தம்? ஒண்ணு-டி பெரியவரு சட்டைப்பையில தினம் ரெண்டு மிட்டாய்க் காகிதம். சுகர்னு சொல்லி வீட்ல காப்பிக்குக்கூட சர்க்கரை போடமாட்டாங்க. இப்படிச் சொன்னா சாருக்குக் கண்ணு விரியும். "பவுனம்மா, நீ ஒரு யூனிவர்சிட்டி"ம்பாரு. அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு, நான் அதெல்லாம் வெளியில பேசுறதே கிடையாது. கதைக்காகக் கேட்டாரேன்னு சொன்னேன்.

ரெண்டு வருஷம் இப்படி ஓடுச்சு. போன வருஷம் சித்திரையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி, அவரோட கதை ஒரு புஸ்தகத்துல வந்துடுச்சு. அவருக்குத் தலைகால் புரியலை. பக்கத்தையெல்லாம் போட்டோ பிடிச்சு நம்ம ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாரு. எங்களுக்கு லட்டு கொடுத்தாரு. கதை என்னான்னு சொல்லலை. நாங்களும் கேக்கலை. லட்டு நல்லா இருந்துச்சு.

மறுநாள் ஒண்ணு-ஏ கஸ்தூரி அம்மா நாலு பழைய புடவை கொண்டாந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. "பவுனு, அடிக்கிறாரா?"ன்னாங்க. யாரும்மான்னேன். "சரி சரி, நீ சொல்லமாட்டே"ன்னுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் மூணு-டி பொண்ணு, ஐ.டி-ல வேலை பாக்குதே, அது ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதிக் கொடுத்து, "அக்கா, எப்ப வேணும்னாலும் பண்ணலாம்"னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. இங்க துணி கொடுக்க வர்றவங்க எல்லாம் இவரு பக்கத்துல வந்து மூக்கை உறிஞ்சுறாங்க. ஜலதோஷ சீசன்போலன்னு நினைச்சேன்.

அப்புறம் வாட்ச்மேன்தான் போன்ல எடுத்துப் படிச்சுக் காட்டினாரு. கதையில ஒரு இஸ்திரிக்காரன். மொடாக்குடியன். பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான், அவ கம்மலை வித்துக் குடிக்கிறான். அவ வாயைத் திறக்காத ஊமை மாதிரி ஒரு பொம்பளை. அதைப் படிச்சதும் நாங்க சிரிச்சோம் மேடம். நம்மளை இல்லன்னு விட்டுட்டோம். ஆனா நடுவுல ஒரு வரி. 'அவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தன் இடது கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பான், குழந்தையை முகர்வதுபோல.' அதோ பாருங்க, இப்பக்கூட அப்படித்தான் பண்றாரு. நம்ம ஃப்ளாட்டுல இருபத்துநாலு வீட்டுக்கும் இவரு அப்படிச் சூடு பார்க்குறது தெரியும். அந்த ஒரு வரி நிஜமாச்சா, அதனால மத்தது எல்லாமே நிஜம்னு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் இவரு என்ன பண்ணாலும் சாட்சிதான். கரிப் புகையில கண்ணு செவந்தா, "பாரு, கண்ணைப் பாரு." முட்டி வலி, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பாரு, "பாரு, தள்ளாடுது." பேசமாட்டாரா, "பாரு, குற்ற உணர்ச்சி." நான் போய் எல்லார் வீட்டுலயும் எடுத்துச் சொன்னேன், அவரு குடிக்கமாட்டாரு, தங்கமான மனுஷன்னு. "பாவம், இன்னும் விட்டுக்கொடுக்காம பேசுறா பாரு"ன்னு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாங்க.

சிரிக்காதீங்க மேடம். சரி, சிரிங்க. ஆனா அந்த மாசக் கடைசியில மீட்டிங் போட்டாங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தாரே விட்டல் சார், அவருதான் செகரெட்டரி. கெட்ட ஆளு இல்ல, பயந்த ஆளு. "கார் நிக்கிற இடம், பெட்ரோல் இருக்குது. கரி நெருப்பு வேற. குடிக்கிற ஆளுகிட்ட நெருப்பைக் கொடுத்து கேட்ல நிறுத்திவைக்க முடியுமா?"ன்னு கேட்டிருக்காரு. நியாயமான கேள்விதானே? ஒரு மாசத்துல வண்டியை எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க.

எங்க பொழப்புக்கு இடம்தான் மேடம் எல்லாம். வண்டியை எங்க வேணும்னாலும் தள்ளிக்கிட்டுப் போலாம், ஆனா ஒவ்வொரு தெருவுலயும் ஏற்கெனவே ஒரு வண்டி நிக்குது. போய் நின்னா அடிதடிதான். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. இவரு மட்டும் எப்பவும் போலத் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. "ஏதாவது சொல்லேன்யா"ன்னு கத்தினேன். என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. அதுக்குள்ள நான் கிளம்பிட்டேன், ரெண்டு-சிக்கு.

கதை சாரு என்னைப் பார்த்ததும், "படிச்சியா பவுனம்மா, எப்படி?"ன்னாரு. போட்டேன் மேடம் ஒரு சத்தம், மூணாவது மாடிக்குக் கேட்டிருக்கும். மனுஷன் ஆடிப்போயிட்டாரு. "ஐயோ, அது முனிரத்தினம் இல்லம்மா, அது ஒரு பாத்திரம். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதுன்னுதான் எல்லாத்தையும் தலைகீழா மாத்தினேன். ஒல்லியைக் குண்டாக்கினேன். குடிக்காதவரைக் குடிக்க வச்சேன். உன்னை ஊமையாக்கினேன். இதுக்கு மேல ஒரு எழுத்தாளன் எப்படி மாத்த முடியும்?"ங்குறாரு.

"கன்னத்தை ஏன் சார் மாத்தலை?"ன்னேன்.

அப்புறம் சின்னக் குரல்ல, "அதை மாத்த மனசு வரலைம்மா. ரெண்டு வருஷத்துல நானா பார்த்தது அது ஒண்ணுதான்"னாரு. எனக்குக் கோவமா வந்துச்சு, பாவமாவும் வந்துச்சு.

அடுத்த மீட்டிங்குக்கு அவரையே கூட்டிக்கிட்டுப் போனேன். எழுந்து நின்னு சொன்னாரு, "அது முழுக்க முழுக்கக் கற்பனை"ன்னு. விட்டல் சாரு அவரு தோளைத் தட்டிக் கொடுத்து, "ஏழைங்க மேல உங்களுக்கு எவ்வளவு இரக்கம் சார்"னாரு. கஸ்தூரி அம்மா விடலை. "இவ்வளவு தத்ரூபமா கற்பனையில எழுத முடியுமா? படிக்கும்போது அந்த ஆளு வாயிலேர்ந்து வாடையே வந்துச்சு எனக்கு"ன்னாங்க. அப்ப நான் கதை சார் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் பூத்துப்போச்சு மேடம். "அப்படியா? நிஜமாவா? எந்த இடத்துல?"ன்னு கேட்டுக்கிட்டே உட்கார்ந்துட்டாரு. அவ்வளவுதான். எங்க வண்டியை மறந்தே போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். இவங்க கதையைத்தான் நம்புறாங்க, நம்மளை நம்பமாட்டாங்க. அப்ப கதையிலதானே சரி பண்ணணும்? மறுநாள் போய்ச் சொன்னேன், "சார், ரெண்டாம் பாகம் எழுதுங்க. அதுல அவரு குடியை விடணும்."

அவருக்கு வந்துச்சே கோவம். "பாத்திரம் தானா திருந்தணும், எழுதுறவன் புடிச்சுத் திருத்தக்கூடாது, அது கலைக்குச் செய்யுற துரோகம்"னு என்னென்னமோ சொன்னாரு. நான் கேட்டேன், "அவரு தானாவா சார் குடிச்சாரு? நீங்கதானே ஊத்திக் கொடுத்தீங்க? ஊத்தின கையால நிறுத்துங்க." உள்ளேர்ந்து அவங்க வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

நாலு மத்தியானம் அவரு வீட்டு வாசல்படியில உட்கார்ந்திருந்தேன் மேடம், அவரு எழுத எழுதப் படிச்சுக் காட்டுவாரு. மொத நாளே அந்த இஸ்திரிக்காரனைச் சாகடிச்சுட்டாரு. "முடிவு அழுத்தமா இருக்கும்மா"ங்குறாரு. என்ன அழுத்தம்? நான் எழுந்து நின்னேன், அவசரமாப் பொழைக்க வச்சாரு. அப்புறம் ஆஸ்பத்திரி, பொண்டாட்டி அழுகை, சாமி முன்னாடி சத்தியம். அந்தப் பொம்பளையைக் கொஞ்சம் பேச வைங்க சார்னு கேட்டேன், அதுக்கு மட்டும் ஒத்துக்கலை. ஒவ்வொரு நாளும் எழுதினதை அன்னைக்கே குரூப்ல போட்டுடுவாரு. கேட்ல துணி கொடுக்க வர்றவங்க, "என்னாச்சு, பொழைச்சுக்குவாரா?"ன்னு என்னையே கேக்குறாங்க. இவரு பக்கத்துல நின்னு அவங்க சட்டையைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்காரு!

நாலாம் நாள் கதையில குடியை விட்டாரு. அஞ்சாம் நாள் காலையில ஃப்ளாட்டே இறங்கி வந்துடுச்சு. விட்டல் சாரு இவரு கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு. மூணு-டி பொண்ணு கை தட்டுது. ஒண்ணு-டி பெரியவரு, "நான் மிட்டாயை விட முடியாம கஷ்டப்படுறேன், நீ எப்பேர்ப்பட்ட ஆளுப்பா"ன்னு கண் கலங்குறாரு. ஆப்பிள் மட்டும் மூணு பை. இவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. "வாங்கிக்கய்யா"ன்னேன். வாங்கிக்கிட்டாரு.

வண்டி நிக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா விட்டல் சாரு ஒண்ணு கேட்டாரு. ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்தும்போது முனிரத்தினம் மைக்ல நாலு வார்த்தை பேசணும், எப்படிக் குடியை விட்டேன்னு. இன்னும் ரெண்டு மூணு வீட்டுல சந்தேகம் இருக்குதாம், அவரு வாயாலயே சொல்லிட்டா தீர்ந்துடுமாம்.

இவரு எங்க மேடம் பேசுவாரு? நான் பேசுறேன்னேன், கூடாதுன்னுட்டாங்க. பத்து நாள் சொல்லிக் கொடுத்தேன். 'அனைவருக்கும் வணக்கம், குடி குடியைக் கெடுக்கும்'னு நாலே வரி. தேய்க்கும்போதும் சொல்லிக் கொடுத்தேன், சாப்பிடும்போதும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினாரு. இவரு மைக் முன்னாடி மரம் மாதிரி நிப்பாரு, நாளைக்கே வண்டி ரோட்டுக்குப் போயிடும்னு நினைச்சுக்கிட்டேன்.

கொடியேத்திட்டுக் கூப்பிட்டாங்க. போய் நின்னாரு. கொஞ்ச நேரம் சும்மா எல்லாரையும் பார்த்தாரு. அப்புறம் பேசினாரு மேடம், கால் மணி நேரம். குடிச்சுட்டு வர்ற அப்பன் செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே இன்னைக்கு எவ்வளவுன்னு புள்ளைங்க தெரிஞ்சுக்குமாம். சத்தம் பெரிசா இருந்தா பயமில்லையாம், சத்தமே இல்லாம கழட்டினாத்தான் பயமாம். அப்படி வர்ற அன்னைக்கெல்லாம் கையில ஒரு பக்கோடாப் பொட்டலம் இருக்குமாம். புள்ளைங்களுக்கு அது புடிக்குமாம், புடிக்குதேன்னு அதுங்களுக்கு வெக்கமா இருக்குமாம். இப்படியே சொல்லிக்கிட்டே போறாரு. நான் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா அது அத்தனையும் எங்கப்பா. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு வருஷம் எங்கப்பா வீட்லதான் இருந்தோம். இவரு மூலையில உட்கார்ந்து எதையும் கண்டுக்காத மாதிரி இருப்பாரு. நானே மறந்துபோனதையெல்லாம் இவரு வச்சிருக்காரு மேடம்.

எல்லாரும் அழறாங்க. விட்டல் சாரு கண்ணாடியைக் கழட்டிட்டாரு. அதோட முடிச்சுட்டு இறங்கியிருக்கலாம்ல? இறங்கலை. என்னைப் பார்த்துட்டுச் சொல்றாரு.

"என் வீட்டுக்காரி நாள் பூரா பேசுவா. உங்க எல்லாருக்கும் அவ வாயாடி. முன்னே அவ அப்படி இல்ல. இதுக்கு முன்னாடி நாங்க இருந்த இடத்துல, ஒரு நாள் காலையில வந்து, வண்டியை எடுன்னு இழுத்து ரோட்டுல விட்டாங்க. ஏன்னு கேக்கக்கூட எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. ஏழு வருஷம் இருந்தோம், ஒருத்தர் பேரும் தெரியாது. இங்க வந்த அன்னையிலேர்ந்து பேச ஆரம்பிச்சா. பேசிப் பழகினவங்களைத் துரத்தமாட்டாங்கன்னு அவளுக்கு ஒரு நெனப்பு. பயந்துக்கிட்டே பேசுறா. பதினோரு வருஷமா. அந்தப் பயத்தை நிறுத்தத்தான் என்னால முடியலை."

சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துட்டு இறங்கிட்டாரு.

கதை சாரு ஓடி வந்தாரு. "முனிரத்தினம், எப்படிய்யா? எங்கய்யா கத்துக்கிட்ட?"ன்னு இவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறாரு. இவரு, "கைதானே சார் துணியில இருக்குது, கண்ணு சும்மாதானே இருக்குது"ன்னாரு. சாரு நோட்டை எடுத்தாரு, என்னமோ யோசிச்சுட்டு எழுதாமலே பையில வச்சுக்கிட்டாரு.

மைக்ல இவரு என்னைப் பத்திச் சொன்னது நிஜம் இல்ல மேடம். நான் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. பயமாவது ஒண்ணாவது. இப்ப உங்ககிட்டக்கூட, நீங்க செகரெட்டரி ஆயிட்டீங்கங்கிறதாலயா சொல்றேன்? சும்மா, ஒரு பேச்சுக்குத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஆனா அன்னைக்குக் கொடியேத்திட்டு வந்து வண்டியில நின்னா, எனக்குப் பேச்சு வரலை. யாராவது துணி கொண்டு வந்தா வாங்கி வச்சேன், அவ்வளவுதான். வாயைத் திறந்தாலே இவ பயத்துல பேசுறான்னு நினைப்பாங்களோன்னு இருந்துச்சு. இருபது சட்டை மடிச்சேன், ஒரு வார்த்தை பேசலை. நாலு வீட்டுலேர்ந்து வந்து, உடம்புக்கு முடியலையான்னு கேட்டுட்டாங்க.

மத்தியானம் இவரு பெட்டியை நிமிர்த்தி வச்சாரு.

"ஏன் பேசமாட்டேங்கிற?"ன்னாரு.

"அதான் எல்லாத்தையும் நீயே பேசிட்டியே"ன்னேன்.

"வண்டி இங்கதான் நிக்கும். இனிமே நீ யாருக்கும் பயந்துக்கிட்டுப் பேச வேணாம்"னாரு. அப்புறம், "எனக்காகப் பேசு. காலையிலேர்ந்து உன் சத்தம் இல்ல, எனக்குக் கை ஓடலை"ன்னாரு.

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் மேடம். எனக்காகன்னு அவரு என்கிட்ட எதையும் கேட்டதில்லை. எனக்கு அழுகையா வந்துச்சு. புடவையில முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். என்ன பேசுறதுன்னே தெரியலை. கையில மூணு-பி மூட்டை இருந்துச்சு, பிரிச்சுப் பார்த்தேன்.

"இங்க பாருய்யா, புருஷன் துணியும் பொண்டாட்டி துணியும் ஒண்ணா வந்திருக்குது"ன்னேன்.

"அப்படியா, சொல்லு"ன்னு பெட்டியைக் கையில எடுத்தாரு.